டிமென்ஷியா ஆபத்துக் காரணிகள் 14: ஐம்பதில் எது முதலில், எழுபதில் எது முதலில்?

மாலைநேரம் (கேள்வி)

முதியோர் குழு ஒன்றுக்கு இரண்டு பக்கக் கையேடு தயாராகிறது. படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், மீதிப் பேர் ஐம்பதுகளில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகள். டிமென்ஷியா (நினைவும் அறிவுத்திறனும் சரியும் நோய்) பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் சொன்ன 14 ஆபத்துக் காரணிகளையும் வரிசையாக அச்சடித்துக் கையில் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் நான்கு சந்தேகங்கள்:

1. "45 சதவீதம் தடுக்கலாம்" என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். ஒரு தனி மனிதருக்கு இதை எப்படிச் சொல்வது?
2. 52 வயதுக்காரருக்கு எது முதலில், 74 வயதுக்காரருக்கு எது முதலில்?
3. காது மெஷின் வாங்கியவர்களில் பலர் அதை மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறார்கள். எங்கே கோட்டை விடுகிறோம்?
4. "சமூகத் தனிமை" என்பதை எதை வைத்து அளப்பது? மகன் வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர் தனிமையில் இருப்பவரா, இல்லையா?

"டாக்டரைக் கேளுங்கள்" என்பதோடு நிறுத்தாமல் அளவு, எண், செய்முறை என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

அளவுகோல் (பதில்)

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

அந்த எண் வளர்ந்த கதையைப் பாருங்கள். 2017-இல் 9 காரணிகள், 35 சதவீதம். 2020-இல் 12 காரணிகள், 40 சதவீதம். 2024-இல் நடுவயதின் கெட்ட கொலஸ்ட்ராலும் (எல்டிஎல்) சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவும் சேர்ந்து 14 காரணிகள், 45 சதவீதம். பங்கு பிரித்தால்: காது கேளாமை 7, எல்டிஎல் 7, இளவயதில் குறைந்த கல்வி 5, சமூகத் தனிமை 5. மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு மூன்றும் தலா 3. உடலுழைப்பின்மை, சர்க்கரை நோய், புகை, ரத்த அழுத்தம், பார்வைக் குறைவு தலா 2. உடல் பருமன், மிகைக் குடி தலா 1.

இது மக்கள்தொகைக்கான கணக்கு. உலகில் இந்த 14-உம் முழுசாக ஒழிந்துவிட்டால் மொத்த டிமென்ஷியாவில் ஏறக்குறைய இத்தனை பங்கு வராமலோ தள்ளியோ போகலாம் என்பதுதான் இதன் பொருள். "இதையெல்லாம் செய்தால் என் ஆபத்து 45 சதவீதம் குறையும்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 74 வயதுக்காரரின் பள்ளிப் படிப்பு முடிந்துபோன விஷயம். காற்று மாசு பெரும்பாலும் அவர் கையில் இல்லை. காது நன்றாகக் கேட்கிறவருக்கு அந்த 7-இல் வேலையே இல்லை. ஒவ்வொருவருக்கும் மிச்சம் நிற்பது வேறு வேறு தொகை.

சதவீதம் பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிது என்று படிப்பதும் தப்பு. மனச்சோர்வு ஒருவருடைய ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது, காது கேளாமை ஏறத்தாழ 1.4 மடங்கு. ஆனால் பட்டியலில் மனச்சோர்வுக்கு 3, காதுக்கு 7. காது மந்தம் எக்கச்சக்கம் பேருக்கு இருப்பதால் வரும் வித்தியாசம் இது. தீவிர மனச்சோர்வோடு இருக்கும் ஒருவரிடம் "உங்களுக்கு இது வெறும் 3 சதவீதம்" என்று சொன்னால் அபத்தமாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையில் மாற்றம் தொடங்கிப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே அறிகுறி வெளியே தெரிகிறது. அந்த இடைவெளியில் மனிதர் ஒதுங்க ஆரம்பிப்பார், எடை குறையும், ரத்த அழுத்தம் தானாக இறங்கும், மனம் சோரும். எழுபத்தைந்து வயதில் ஆய்வு செய்தால் இவையெல்லாம் "காரணம்" மாதிரியே தெரியும், உண்மையில் சில வேளை நோயின் முதல் சுவடாக இருக்கும். பருமனும் ரத்த அழுத்தமும் நடுவயதுக் காரணிகளாகப் பட்டியலில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதும் மரபணுவும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. ஏபிஓஇ-4 மரபணு ஒரு பிரதி இருந்தாலே அல்சைமர் (டிமென்ஷியாவின் பரவலான வகை) ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. எனவே கையேட்டில் "தடுக்கலாம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "தள்ளிப்போட வாய்ப்பு உண்டு" என்று போடுங்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் நோய் வந்த குடும்பம் அதைப் படித்துவிட்டுத் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

செவிப்பறை (பதில்)

மூன்றாவது கேள்விக்கு ஆடியாலஜி (செவித்திறன் துறை) பக்கத்திலிருந்து. கொஞ்சம் நீளும்.

வயதால் வரும் காது மந்தம் உச்ச ஒலிகளில்தான் முதலில் கைவைக்கும். உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் தப்பிவிடும். மெய்யொலிகள் மழுங்கும். கடை, தடை, படை, சடை நான்கும் ஒரே சொல்லாகக் காதில் விழும். "கேட்குது, புரியல" என்று அவர்கள் சொல்வது துல்லியமான விவரிப்பு. வீட்டிலோ "வேண்டியது மட்டும் நல்லாக் காதுல விழும்" என்று கிண்டல் நடக்கும். அமைதியான அறையில் நேருக்கு நேர் பேசினால் விழுகிறது, நாலு பேர் கூடிய இடத்தில் விழவில்லை என்பதுதான் அந்த "வேண்டியது மட்டும்".

மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மூன்று வழிகள் சொல்கிறார்கள். சிதைந்து வரும் சொல்லைப் பிடிப்பதிலேயே மூளையின் கவனம் செலவாகி, பிடித்ததை நினைவில் வைக்க மிச்சம் இல்லாமல் போகிறது. கேட்கும் பகுதிக்குத் தூண்டல் குறைகிறது. அசடு வழிய வேண்டாமே என்று மனிதர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். மூன்றாவது நேராக உங்கள் நான்காவது கேள்வியில் போய் நிற்கும். ரத்தக்குழாய்ச் சேதம் காதையும் மூளையையும் சேர்த்தே கெடுக்கிறது என்ற விளக்கமும் ஒதுக்கக் கூடியதில்லை.

சான்று எவ்வளவு உறுதி? 2023-இல் வந்த அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேர், மூன்று ஆண்டுகள். ஒரு பாதிக்கு ஹியரிங் எய்டும் ஆலோசனையும், மறு பாதிக்குப் பொது சுகாதாரப் பாடம். மொத்தமாகப் பார்த்தால் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே இதயநோய் ஆபத்து முதலியவை கூடுதலாக இருந்த பிரிவில் மட்டும் சரிவு 48 சதவீதம் குறைவு. இரண்டு வரியையும் சேர்த்தே கையேட்டில் போடுங்கள். 48-ஐ மட்டும் போட்டால் விளம்பரம் ஆகிவிடும்.

இனி இழுப்பறை.

மெஷினுக்கு முன்னால் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். குறும்பி அடைத்திருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். பட்ஸ் போட்டு நோண்டினால் இன்னும் உள்ளேதான் போகும். அடுத்தது ஆடியோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்): 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி 20 டெசிபெல்லைத் தாண்டினால் குறைபாடு தொடங்கிவிட்டது, 35-ஐத் தாண்டினால் நடுத்தரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. இதோடு இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆடியோகிராம் உள்ள இருவருக்கு இதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம். ஒரு காதில் மட்டும் மந்தம், திடீரென்று வந்த மந்தம், தலைசுற்றல், சீழ் இருந்தால் மெஷின் பேச்சே வேண்டாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். திடீர் மந்தம் என்றால் அன்றைக்கே.

பொருத்தும்போது அதிகம் தவறுவது இங்கேதான்: கணினியில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தி மாட்டி அனுப்பிவிடுவது. காதின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் வைத்து, செவிப்பறை அருகே நிஜமாக எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளந்து சரிசெய்ய வேண்டும். அளக்காமல் விட்டால் பொதுவாக உச்ச ஒலிதான் போதாமல் நிற்கும். அதாவது எது வேண்டுமோ அதுவே இருக்காது. இந்த அளவு எடுப்பார்களா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

பழக்குவதற்கு நான் சொல்லும் வரிசை:

முதல் வாரம் வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது மட்டும், நாளுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம். தாள் சரசரப்பு, தண்ணீர் ஓசை, தன் காலடி எல்லாம் எரிச்சலூட்டும். பல வருடமாகக் கேட்காத ஒலிகளை எது முக்கியம், எது இல்லை என்று மூளை பிரித்துக்கொள்ள நாள் பிடிக்கும். இரண்டாம் வாரம் இரண்டு மூன்று பேர், டிவி. மூன்றாம் வாரம் வெளியே. கல்யாணக் கூட்டம், ஹோட்டல் மாதிரி இடங்கள் கடைசி. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை காதில் இருக்க வேண்டும். முதல் நாளே கூட்டத்துக்கு மாட்டிக்கொண்டு போனவர் மறுநாள் மாட்டமாட்டார். விசேஷத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்பவருக்கு ஒரு நாளும் பழகாது.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மறுசந்திப்பு கட்டாயம். பெரும்பாலான டிஜிட்டல் மெஷின்கள் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடின என்று தாமே குறித்து வைத்திருக்கும், அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "தினமும் போடறேன்" என்பார், அது இருபது நிமிடம் என்று சொல்லும்.

புகார்களும் காரணமும்:

கீச்சென்று விசில். ரப்பர் நுனி அளவு சிறியது, சரியாக உள்ளே போகவில்லை, அல்லது குறும்பி.

தன் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. காது முழுசாக அடைபட்டிருக்கிறது. மந்தத்தின் அளவு இடம் கொடுத்தால் துளையுள்ள நுனி போடலாம்.

மெஷின் செத்துவிட்டது. பாதி நேரம் நுனியிலுள்ள மெழுகு வடிகட்டி அடைத்திருக்கும், மாற்றினால் உயிர் வந்துவிடும். அடுத்த சந்தேகம் பேட்டரி. துத்தநாக-காற்று பேட்டரியில் ஸ்டிக்கரை உரித்ததும் சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீரும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வையுங்கள்.

விரல் நடுங்குபவர், மூட்டுவலிக்காரர், பார்வை மங்கியவர் என்றால் குட்டி பேட்டரி ரகம் வேண்டாம். சார்ஜ் செய்யும் ரகம். இந்த ஒரு விஷயத்தாலேயே இழுப்பறைக்குப் போன மெஷின்கள் நிறைய.

வீட்டாருக்கும் ஒரு வரி போடுங்கள்: கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய்யொலி இன்னும் சிதையும். டிவியை நிறுத்தி, முகம் தெரிய நின்று, சற்று நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்.

நாடிபிடி (பதில்)

இரண்டாவது கேள்வி. 52 வயதுக்காரருக்கு என் வரிசை: ரத்த அழுத்தம், எல்டிஎல், சர்க்கரை, புகை. உடற்பயிற்சியும் தூக்கமும் இந்த நான்கையும் தொட்டுக்கொண்டே வரும். ரத்த அழுத்தத்துக்குப் பட்டியலில் 2 சதவீதம்தானே என்று கேட்பீர்கள். பக்கவாதம், சிறு ரத்தக்குழாய் அடைப்பு என்று மூளைக்குப் போகும் பல பாதைகள் அதன் வழியாகத்தான் போகின்றன, மாத்திரையும் கையில் இருக்கிறது.

நாற்பது வயதிலிருந்தே மேல் எண் 130 அல்லது அதற்குக் கீழ் என்பது லான்செட் ஆணையத்தின் பரிந்துரை. 2019-இல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட 9361 பேர். 120-க்குக் கீழ் கொண்டுவந்த பிரிவில் லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைவாகத்தான் வந்தது, ஆனால் புள்ளியியல் ரீதியாக உறுதி சொல்லும் அளவுக்கு இல்லை. இதய நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் அளப்பதில் நடக்கும் தப்புகளால் தேவையில்லாமல் மாத்திரை ஏறுவதும் உண்டு, தேவையானது கிடைக்காமல் போவதும் உண்டு. முறை இது: அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா. கை மேசைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில். கை தொங்கினால் எண் கூடும், பேசினாலும் கூடும். சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. அது 135/85-ஐத் தொட்டால் ஐரோப்பிய வழிகாட்டிகளின்படி ரத்த அழுத்த நோய். அமெரிக்க வழிகாட்டி 130/80-இலேயே கோடு போடுகிறது. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும். மேல்கையின் நடுச் சுற்றளவை நாடாவால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம்.

எல்டிஎல் விஷயத்தில் ஆணையம் பார்த்த ஆய்வுகள் லிட்டருக்கு 3 மில்லிமோலுக்கு மேல், அதாவது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 116 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் 65 வயதுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றியவை. வயதானபின் மூளைக்காக மட்டும் ஸ்டேட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) தொடங்கினால் பலன் இருக்குமா? 70 முதல் 82 வயதுக்காரர்களிடம் பிராவஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினைக் கொடுத்துப் பார்த்த ப்ராஸ்பர் ஆய்வில் அறிவுத்திறனுக்குப் பலன் தெரியவில்லை. இதயத்துக்காகச் சாப்பிடுபவர் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது, அது வேறு கணக்கு.

மதுவுக்கு ஆணையம் போட்ட கோடு வாரம் 21 பிரிட்டிஷ் யூனிட், அதாவது 168 கிராம் தூய ஆல்கஹால். கணக்கு: மில்லிலிட்டர் × சதவீதம் × 0.79 ÷ 100. 40 சதவீத மதுவில் 60 மில்லி என்றால் சுமார் 19 கிராம். வாரத்தில் ஒன்பதாவது 60-இல் கோட்டைத் தாண்டியாயிற்று. 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். கோட்டுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை, அதற்கு மேலே கூடுதல் ஆபத்து தெளிவாகத் தெரிகிறது என்றுதான் பொருள்.

நடை: வாரம் 150 நிமிடம், பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில். இரண்டு நாள் தசைப் பயிற்சி. 65-க்கு மேல் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேருங்கள். அது தலைக்காயம் என்ற காரணிக்கும் மருந்து.

74 வயதுக்காரருக்குத் தலைகீழ்: காது, கண், ஆள் சகவாசம், விழாமல் இருப்பது. ரத்த அழுத்தம் அதற்குப் பின்னால் வரும், விட்டுவிடச் சொல்லவில்லை. அவருக்குப் படுத்த நிலையில் ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில், மூன்று நிமிடத்தில் என்று அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுபவர்களில் இது நிறையப் பேரிடம் இருக்கும். சர்க்கரையிலும் அப்படியே. எண்ணை அழகாக வைக்கிறேன் என்று தாழ்சர்க்கரைக்குத் தள்ளுவது மூளைக்கு நல்லதில்லை.

மாலைநேரம்

அருமை. நான்காவது இன்னும் பாக்கி. உதாரணத்துக்கு: மகன், மருமகள், பேரன் உள்ள வீடு. காலையிலிருந்து இரவு வரை டிவி முன்னால். வாட்ஸ்அப்பில் ஐந்தாறு குழு. இவரைத் "தனிமை" என்று குறிப்பதா வேண்டாமா?

கூட்டுக்குரல் (பதில்)

ஒரே கூரை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லப்பன் அளவுகோல் என்று ஆறு கேள்வி உள்ள படிவம் இருக்கிறது, கையேட்டில் அப்படியே வைக்கலாம். உறவினரைப் பற்றி மூன்று: மாதம் ஒரு முறையாவது எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் அல்லது பேசுகிறீர்கள்? சொந்த விஷயத்தைக் கூச்சமில்லாமல் பேச எத்தனை பேர்? உதவி என்று கூப்பிடும் அளவுக்கு நெருக்கமானவர் எத்தனை பேர்? இதே மூன்றையும் நண்பர்களைப் பற்றி மறுபடி. யாருமில்லை 0, ஒருவர் 1, இருவர் 2, மூன்று நான்கு பேர் 3, ஐந்து முதல் எட்டு 4, ஒன்பதும் மேலும் 5. மொத்தம் 30. 12-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டியவர். நீங்கள் சொன்னவர் உறவில் 8 எடுத்து நண்பர் பக்கம் முழுக்கச் சைபராக இருக்கலாம். மொத்தத்தோடு இரண்டு பாதியையும் தனித்தனியே பாருங்கள்.

ஆள் தொடர்பு குறைவது வேறு, தனியாக இருப்பதாக உணர்வது வேறு. ஆணையத்தின் பட்டியலில் இருப்பது முதலாவது. தனியாக வாழ்ந்தும் நாள் முழுக்க நாலு பேரோடு வேலை இருப்பவர் பத்திரம். மூளைக்கு வேலை வைப்பது எதிராளியின் பேச்சைப் பின்தொடர்ந்து, ஞாபகப்படுத்தி, பதில் சொல்லும் நேரம். வந்த வீடியோவை இன்னொரு குழுவுக்குத் தள்ளுவது அதில் சேராது. அதே வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிடம் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினால் சேரும்.

ஏற்பாடு செய்பவர்கள் இடறும் இடங்கள்:

"வாங்க, சும்மா பேசிட்டிருக்கலாம்" என்ற அழைப்புக்கு யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. ஒரு பொறுப்பு கொடுங்கள். நூலகப் பதிவேடு, கணக்கு, தோட்டம், பிள்ளைகளுக்குப் பாடம். தான் போகாவிட்டால் ஒரு வேலை நிற்கும் என்றால் கிளம்புவார்.

நாளும் நேரமும் நிலையாக இருக்க வேண்டும், வாரத்தில் இரண்டாவது முறையும் இருந்தால் நல்லது. ஐந்தாறு பேர் போதும். நாற்பது பேர் கூடும் கூட்டத்தில் காது மந்தமானவர் மூலையில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போவார். சுவரில் திரையும் தரையில் விரிப்பும் இருக்கும் சின்ன அறையில் எதிரொலி குறையும்.

அழைத்தும் வராதவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று: சிறுநீர் அடக்க முடிகிறதா? வெளியே போவதை நிறுத்தியதற்குப் பல வேளை அதுதான் உண்மைக் காரணம், வாய்விட்டுச் சொல்லமாட்டார். கழிப்பறை பக்கத்தில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, நன்றாகப் பழகிக்கொண்டிருந்தவர் ஆறு மாதத்துக்குள் ஒதுங்கினால் அதைக் "காரணி" என்று எண்ணி நண்பர்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மேலே ‘அளவுகோல்’ என்ற நண்பர் தம் பதிலில் சொன்ன, நோயின் முதல் சுவடாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டு கேள்வி கேளுங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேல் 2, அநேகமாகத் தினமும் 3. கூட்டி 3 வந்தால் மருத்துவரிடம். அங்கே தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் மருந்துப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதும் நடக்க வேண்டும். இவை சரிசெய்யக்கூடியவை.

இரண்டாம்கருத்து (பதில்)

எல்லாம் சரி, தூக்கத்தை ஏன் யாரும் விரிவாகத் தொடவில்லை? பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வில் 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா 30 சதவீதம் கூடுதல். 2021-இல் வந்தது. அதோடு சுடோகு, நினைவாற்றல் மாத்திரை பற்றியும் எழுதுங்கள், மக்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அளவுகோல்

அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான், 50 வயதிலிருந்தே பார்த்ததால் "நோய் முதலில் வந்து தூக்கத்தைக் கெடுத்தது" என்ற சந்தேகம் ஓரளவு குறைகிறது. ஆனால் மொத்தச் சான்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அதிகம் தூங்குபவர்களிடமும் ஆபத்து தெரிகிறது, அதனால் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. கையேட்டில் இரண்டு வரி போதும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் தூங்கி விழுதல் இருந்தால் தூக்க மூச்சுத்தடைக்குச் சோதனை. தூக்கம் வராவிட்டால் தாமாக சளி மாத்திரை ரகம் எதையும் போட்டுக்கொள்ள வேண்டாம். டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமைன், அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப்பைக்கான ஆக்ஸிபியூட்டினின் போன்றவை நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுப்பவை. முதியவருக்கு ஞாபகக் குழப்பத்தை இவையே உண்டாக்கும், இரண்டு மூன்று சேர்ந்தால் இன்னும் மோசம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தானாக நிறுத்தாமல், பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும்.

மாத்திரை: நினைவாற்றலுக்கென்று விற்கும் ஜின்கோ பிலோபா என்ற மூலிகைச் சாற்றை 75 வயதுக்கு மேற்பட்ட 3069 பேரிடம் நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள், டிமென்ஷியா குறையவில்லை, முடிவு 2008-இல் வந்தது. பி, ஈ வைட்டமின்களை டிமென்ஷியா ஆபத்தைக் குறைக்கப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. பி12 குறைபாடு இருப்பவருக்குக் கொடுப்பது வேறு விஷயம்.

சுடோகு போட்டால் சுடோகுவில் கைதேறும். பிடித்தால் போடட்டும், அதற்காக நடையையும் நாலு பேரையும் விட்டுவிடக் கூடாது. 2015-இல் பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 60 முதல் 77 வயதுள்ள 1260 பேருக்கு உணவு, உடற்பயிற்சி, அறிவுப் பயிற்சி, ரத்தக்குழாய்க் காரணிகளின் கண்காணிப்பு நான்கையும் இரண்டு ஆண்டு சேர்த்துக் கொடுத்தபோது அறிவுத்திறன் மதிப்பெண் ஒப்பீட்டுக் குழுவைவிட மேம்பட்டது. உணவை மட்டும் தனியாக எடுத்து மூன்று ஆண்டு சோதித்த மைண்ட் ஆய்வில், 604 பேர், 2023, ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய வித்தியாசம் வரவில்லை. ஒற்றை மந்திரம் எதையும் கையேட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்.

செவிப்பறை

கண்ணை எல்லோரும் ஒரு சொல்லோடு தாண்டிவிட்டீர்கள். 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 65-க்கு மேற்பட்ட சுமார் 3000 பேரில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக வந்தது. கண்ணழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை, அதில் பார்வை திரும்பாதல்லவா. கவனித்துப் பதிந்த ஆய்வுதான், குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. ஆனால் புரையை எடுக்க மூளையைக் காரணம் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை, விழாமல் நடக்க உதவும் என்பதே போதும். கண்ணாடியின் பவரை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் குழுவில் யாராவது ஞாபகச் சோதனைக்குப் போனால் காதில் மெஷின், மூக்கில் கண்ணாடி, சட்டைப்பையில் மாற்று பேட்டரி, குடிக்கும் எல்லா மருந்துகளும் ஒரு பையில் என்று அனுப்புங்கள். ஐந்து சொல்லைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். சொன்னதே காதில் விழாதவர் அதில் எப்படியும் தோற்பார், ஃபைலில் ஞாபகக் குறைவு என்று ஏறிவிடும். மெஷின் இல்லாதவர் என்றால் அறையில் ஒலிபெருக்கும் கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். காது மந்தமானவர்களுக்காகக் கேள்விகளை எழுத்தில் காட்டும் சோதனைப் படிவமும் உண்டு, அதையும் கேட்கலாம்.